வெள்ளிக்கிழமை கடைசி பீரியட்

மாதேஸ்வரனுக்கு ஒரு பழக்கம் உண்டு. வேலையில் இருக்கும் யாரைப் பார்த்தாலும் பக்கத்தில் போய் நின்று, "இந்த வேலைக்கு என்ன படிச்சீங்க?" என்று கேட்டுவிடுவார். கரண்ட் கம்பத்தின் மேல் ஆள் இருந்தால் இறங்கி வரும்வரை வெயிலில் நிற்பார். ஒருமுறை கை முறிந்து மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தார்கள். கையை அசைக்காதீர்கள் என்று சொன்ன பெண்ணிடமே தலையைத் திருப்பிக் கேட்டார். அவள் படித்ததைச் சொல்லிவிட்டு, "அசைச்சுட்டீங்க, மறுபடி எடுக்கணும்" என்றாள்.

அவர் மனைவி கலைமணி இதைக் கல்யாணத்தன்றே பார்த்துவிட்டாள். தாலி கட்டிய கையோடு வீடியோ எடுத்தவரிடம் கேட்டார். "மாப்பிள்ளை வேலை தேடுறாரா?" என்று வீடியோக்காரர் திருப்பிக் கேட்டது பந்தி முடியும்வரை மண்டபத்தில் சுற்றி வந்தது. கலைமணி தலையைக் குனிந்துகொண்டாள். அதன் பிறகு எத்தனையோ இடங்களில் அவர் கேட்கும்போது அவள் இரண்டடி தள்ளி நின்று வேறு எதையோ பார்ப்பதுபோலப் பார்த்திருக்கிறாள். காது மட்டும் அங்கேயே இருக்கும். ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் அவள். யார் என்ன படித்தார்கள் என்று கேட்கப் பிடித்துத்தான் இருந்தது.

மாதேஸ்வரன் தாவரவியல் வாத்தியார். அவர்கள் குடியிருந்த அதியமான்கோட்டையிலிருந்து பஸ்ஸில் போய்வரும் தூரத்தில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளி. பிள்ளைகளுக்கு மேற்படிப்பு, வேலை பற்றி வழிகாட்ட ஓர் ஆசிரியரைப் பொறுப்பாகப் போட வேண்டும் என்று வந்தபோது, மற்றவர்கள் ஆளுக்கொரு காரணம் சொல்லி நகர்ந்துகொண்டார்கள். தலைமையாசிரியை இவரைப் பார்த்தார். "சார், நீங்கதான் போற இடமெல்லாம் கேட்டுக்கிட்டே இருக்கீங்களே. அதையே இங்க கேளுங்க" என்றார். வெள்ளிக்கிழமை கடைசி பீரியடை அவருக்கு ஒதுக்கினார்கள்.

முதல் வெள்ளிக்கிழமை, என்ன ஆகப்போகிறீர்கள் என்று பிளஸ் ஒன் பிள்ளைகளைக் கேட்டார். பாதிப் பேர் டாக்டர், மீதிப் பேர் கலெக்டர் அல்லது போலீஸ். கடைசி பெஞ்சில் ஒருவன், "பெங்களூர் சார்" என்றான். "அது ஊர்டா, வேலை இல்ல" என்றார். "எங்கண்ணனும் பெங்களூர்னுதான் சார் சொல்லிட்டுப் போனான்" என்றான் அவன். வகுப்பு சிரித்தது. அவரும் சிரித்துவிட்டார். வீட்டுக்கு வந்து அதைக் கலைமணியிடம் சொன்னார். இந்தப் பிள்ளைகள் வேலை என்று கண்ணால் பார்த்தது நாலே நாலுதான், அதனால்தான் இப்படி என்றார்.

அதிலிருந்து வெள்ளிக்கிழமைதோறும் யாரையாவது வகுப்புக்குக் கூட்டிவந்தார். லைன்மேன் வந்தார், பிரசவ வார்டு நர்ஸ் வந்தார், பெங்களூரில் பேக்கரி வைத்திருப்பவர் ஒரு டப்பா பன்னோடு வந்தார். வருகிறவர் பேசி முடித்ததும் அவருடைய போன் நம்பரைப் போர்டில் எழுதுவார் மாதேஸ்வரன். "குறிச்சுக்கோங்க. பின்னாடி சந்தேகம் வந்தா என்னைக் கேக்காதீங்க, இவரையே கேளுங்க. வேலை பாக்கிறவங்ககிட்டதான் வேலையைப் பத்திக் கேக்கணும்." இதை அவர் ஒரு சட்டம்போலவே வைத்திருந்தார்.

அப்படித்தான் ஒரு நவம்பரில் பிளஸ் டூ பிள்ளைகளை ஒசூர்ப் பக்கம் ஒரு கம்பெனிக்கு வேனில் அழைத்துப்போனார். செல்போனுக்குள் வைக்கும் சின்னச் சின்னப் பாகங்களைச் செய்கிற இடம். பெண் பிள்ளைகளோடு ஒரு டீச்சர் போக வேண்டும். வருவதாக இருந்தவருக்குக் காலையில் காய்ச்சல் என்று செய்தி வந்தது. "நீ வா கலை, சும்மா உக்காந்திருந்தாப் போதும்" என்று மனைவியை ஏற்றிக்கொண்டார்.

கம்பெனியில் எல்லோருக்கும் தலையில் நீலத் தொப்பி கொடுத்தார்கள். பிள்ளைகள் ஒருவர் தொப்பியை ஒருவர் இழுத்துக்கொண்டு நடந்தார்கள். ஒரே ஒருத்தி மட்டும் கண்ணாடிச் சுவரோரம் நின்றுவிட்டாள். உள்ளே வெள்ளை விளக்கில் வரிசை வரிசையாகப் பெண்கள் வேலை செய்துகொண்டிருந்தார்கள். தரையில் தூசி இல்லை. கலைமணி பக்கத்தில் போய், "உன் பேரு என்னம்மா?" என்றாள்.

"கவிப்பிரியா."

"எந்த ஊரு?"

"சித்தேரி மலைங்க. ஸ்கூல் பக்கத்துல ஹாஸ்டல்ல இருக்கறேன்." பிறகு கண்ணாடியை விட்டுப் பார்வையை எடுக்காமலே, "உள்ள ஏசியாங்க அக்கா?" என்று கேட்டாள். கலைமணிக்குத் தெரியவில்லை. இருக்கும் என்றாள்.

கடைசியில் கம்பெனி மேடம் ஒருவர் பேசினார். பிளஸ் டூ எழுதியிருந்தால் போதும், பதினெட்டு வயது முடிந்திருந்தால் அதுகூட அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், தங்க இடம், சாப்பாடு, போக வர வேன் எல்லாம் எங்கள் பொறுப்பு என்றார். வழக்கம்போல மாதேஸ்வரன் எழுந்து, "மேடம் நம்பரை எல்லாரும் குறிச்சுக்கோங்க" என்றார். எல்லோரும் குறித்துக்கொண்டார்கள்.

அரையாண்டுத் தேர்வு விடுமுறை முடிந்து பள்ளி திறந்தபோது கவிப்பிரியா வரவில்லை. மலைப் பிள்ளைகள் பொங்கல்வரை நின்றுவிட்டு வருவதுண்டு என்பதால் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பொங்கலும் போயிற்று. ஒரு சனிக்கிழமை காலையில் ஒல்லியான ஒரு பெண்மணி கையில் பையோடு வாசலில் வந்து நின்றார்.

"சார் வூடு இதுதானுங்களா? நான் கவிப்பிரியாவோட அம்மா, குள்ளம்மாள்."

கலைமணி உள்ளே அழைத்து உட்கார வைத்தாள். குள்ளம்மாள் பையிலிருந்து ஒரு பாட்டில் மலைத்தேனை எடுத்து வைத்தார். "சாருக்குங்க. பொண்ணை நல்ல எடத்துல சேர்த்து உட்டீங்க. மொதச் சம்பளம் வூட்டுக்கு அனுப்பிட்டா. அவங்கப்பா, எம்பொண்ணு கம்பெனின்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியறாரு."

மாதேஸ்வரன் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தவர் அப்படியே நின்றார். "எந்தக் கம்பெனி? யார் சேர்த்து விட்டது?"

"நீங்கதானுங்களே. சார்தான் கூட்டிக்கிட்டுப் போய்க் காட்டினாரு, சார்தான் நம்பர் குடுத்தாருன்னு சொன்னா."

பெண்ணுக்குப் பத்தொன்பது வயது நடந்துகொண்டிருந்தது. எட்டாவது முடித்த பிறகு இரண்டு வருஷம் வீட்டில் நின்று சாமைக் காட்டில் வேலை செய்துவிட்டு மறுபடி படிக்க வந்தவள். அதனால் கம்பெனியில் கேள்வியே வரவில்லை. மார்ச்சில் பொதுத்தேர்வு. அதற்கு முன்பு பிப்ரவரியில் செய்முறைத் தேர்வு. அதை விட்டால் பிளஸ் டூ போயிற்று. கையில் நிற்பது பத்தாவது மட்டும்தான். இதையெல்லாம் மாதேஸ்வரன் சொல்லச் சொல்ல, குள்ளம்மாள் முகம் சுருங்கிக்கொண்டே வந்தது.

"படிச்சு முடிச்சாலும் வேலைக்குத்தானுங்க சார் போகணும்?" என்றார் கடைசியில். அவர் கிண்டலாகக் கேட்கவில்லை.

மாதேஸ்வரன் தேன் பாட்டிலைத் திருப்பிக் கொடுக்கப் பார்த்தார். அந்த அம்மா வாங்கவில்லை.

குள்ளம்மாள் போனபின் மாதேஸ்வரன் நாலைந்து முறை கவிப்பிரியாவுக்கு போன் செய்தார். எடுக்கவில்லை. "வேலை பாக்கிறவங்ககிட்டயே கேளுன்னு சொன்னீங்க. அவ கேட்டுட்டா" என்றாள் கலைமணி. அவர் முறைத்தார். ஆனால் மறுநாள் ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் ஒசூர் பஸ்ஸில் ஏறினார்கள்.

பெண்கள் விடுதி வாசலில் வாட்ச்மேன் மாதேஸ்வரனை உள்ளே விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை சொந்தக்காரப் பெண்கள் மட்டும்தான் பார்க்கலாமாம். "ஆசிரியர்ங்க நான்" என்று சொல்லிப் பார்த்தார். "கலெக்டரே ஆனாலும் ஆம்பளைங்க இங்கதான் சார்" என்று ஒரு நாற்காலியைக் காட்டினார் வாட்ச்மேன். பிறகு கலைமணியிடம், "நீங்க பொண்ணுக்கு என்ன வேணும்?" என்றார்.

கலைமணிக்குப் புது ஆட்களிடம் பேசுவதே கஷ்டம். பொய் சொல்வது அதைவிடக் கஷ்டம். "சித்தி" என்றாள்.

பார்வையாளர் அறைக்குக் கவிப்பிரியா ஈரத் தலையோடு வந்தாள். இவளைக் கண்டதும் ஒரு கணம் நின்றாள். வாட்ச்மேன் சொல்லி அனுப்பியிருக்க வேண்டும். "வாங்க சித்தி" என்றாள், உதட்டைக் கடித்துக்கொண்டு.

இருவரும் உட்கார்ந்தார்கள். கலைமணி பஸ்ஸில் வரும்போது கணவர் சொல்லிக்கொடுத்ததை எல்லாம் மறந்துவிட்டிருந்தாள். பெண் உடம்பு தேறியிருந்தாள். நகங்களை ஒட்ட வெட்டியிருந்தாள்.

"சார் கோவமா இருக்காருங்களா?"

"வெளியில உக்கார வச்சிருக்காங்க."

கவிப்பிரியாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு தானாகவே பேச ஆரம்பித்தாள். இங்கே அவளுக்கென்று ஒரு கட்டில் இருக்கிறது. வெந்நீர் வருகிறது. படிக்கிற ஹாஸ்டலில் குளிக்க வாளியோடு வரிசையில் நின்று, குளித்து முடிக்காமல் பள்ளிக்கு ஓடியதெல்லாம் இல்லை. வேதியியல் இல்லை. "சார்தான் சொன்னாரு, நாலு வேலையைப் பாரு, எது பிடிக்குதோ அதை எடுன்னு. நான் பாத்தேன். இது பிடிச்சிருக்குது. இதுல என்னங்க தப்பு?"

தப்பு என்னவென்று கலைமணிக்கும் தெரியவில்லை. தெரிந்ததுபோல நடிக்கவும் வரவில்லை. "தப்புன்னு சொல்ல வரல. பரீட்சை எழுத வருவியா, மாட்டியா? அதை மட்டும் சொல்லு. நான் போய் அவர்கிட்ட சொல்லணும்."

பெண் துப்பட்டா நுனியைச் சுருட்டினாள். எழுத ஆசைதான். ஆனால் சேர்ந்து ஆறு மாதம் ஆகும்வரை சேர்ந்தாற்போல் லீவு எடுத்தால் பெயரை எடுத்துவிடுவார்கள் என்று அறையில் இருக்கும் பெண்கள் சொல்கிறார்கள். பெயர் போனால் இதுவும் போய்விடும். அப்புறம் வீட்டில் மாமன் மகனுக்குக் கட்டிக்கொடுக்கப் பேச்சு எடுப்பார்கள்.

"யாருகிட்டயாச்சும் கேட்டுப் பாத்தியா?"

"பயமா இருக்குதுங்க."

கலைமணிக்கும் பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் எழுந்து, "வார்டன் அறை எங்க?" என்றாள்.

வார்டன் கன்னடம் கலந்த தமிழ் பேசும் ஓர் அம்மா. கலைமணி நின்றுகொண்டே, பாதி வார்த்தை விழுங்கி, விஷயத்தைச் சொன்னாள். அவர் கோபப்படவில்லை. இப்படி வருஷத்துக்கு இரண்டு மூன்று பெண்கள் வருவார்களாம். இவள் எங்கள் மாணவி, இன்னின்ன நாள் தேர்வு என்று பள்ளியிலிருந்து கடிதம் வந்தால், சம்பளமில்லாத லீவு கொடுத்துப் பெயரை வைத்துக்கொள்வார்களாம். "ஒரு தடவைதான். ஃபெயில் ஆனேன், மறுபடி லீவுன்னு வந்தா ஆகல்ல" என்றார்.

வெளியே வந்து இதைச் சொன்னபோது மாதேஸ்வரன் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தார். கடிதம்தானே, நாளைக்கே வாங்கிவிடலாம் என்றார்.

அவர் நினைத்ததுபோல அது எளிதாக இல்லை. தலைமையாசிரியை பேனாவை மூடி வைத்துவிட்டார். "சார், நம்ம பொண்ணு படிப்புக்கு நடுவுல வேலைக்குப் போயிட்டான்னு நாமே எழுத்துல குடுக்கறதா? எப்படிப் போனான்னு கேப்பாங்க. நீங்க கூட்டிட்டுப் போன வேன்லதான் வழி தெரிஞ்சுதுன்னு எழுதுவீங்களா?"

"எழுதறேங்க மேடம்" என்றார் மாதேஸ்வரன்.

அப்படியே எழுதினார். பள்ளிப் பயணத்தில் கம்பெனியைப் பார்த்தாள், நம்பரை நான்தான் குறித்துக்கொள்ளச் சொன்னேன், இது என் பொறுப்பு என்று தன் பெயரில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். தலைமையாசிரியை இரண்டு நாள் வைத்திருந்துவிட்டு முத்திரை குத்திக் கொடுத்தார். அதன் நகல் மேலே போயிற்று. மேலிருந்து மாதேஸ்வரனுக்கு விளக்கம் கேட்டு மெமோ வந்தது.

செய்முறைத் தேர்வுக்கும் பொதுத்தேர்வுக்கும் கவிப்பிரியா வந்தாள். பள்ளிக்கூட ஹாஸ்டலில் பெயரை எடுத்துவிட்டிருந்ததால் இவர்கள் வீட்டிலேயே தங்கினாள். அதிகாலையில் மாதேஸ்வரன் வேதியியல் கேட்பார். தாவரவியல் ஆசிரியரும் அந்தப் பெண்ணும் ஒரே இடத்தில் ஒன்றாகத் தடுமாறுவதைக் கலைமணி அடுப்படியில் இருந்து கேட்பாள். "சார், உங்களுக்கே தெரியலீங்க" என்பாள் அவள். "அதான் நான் செடி பக்கம் போனேன், நீ எழுது" என்பார் அவர். கடைசித் தேர்வு முடிந்த அன்றே அவள் ஒசூருக்குப் பஸ் ஏறினாள். வேதியியலில் ஒட்டிக்கொண்டு தேறினாள்.

குள்ளம்மாள் அந்த வருஷம் தேன் கொண்டுவரவில்லை. சம்பளம் இல்லாமல் போன நாட்களுக்காக அவருக்கு மனத்தாங்கல் இருந்தது என்று பிறகு தெரிந்தது.

இது நடந்து மூன்று வருஷம் ஆகிறது. கவிப்பிரியா இன்னும் அதே கம்பெனியில்தான் இருக்கிறாள். கல்யாணப் பேச்சு இரண்டு முறை வந்து நின்றது. அவளுக்கு மேலே இருக்கும் லைன் லீடர் டிப்ளமோ முடித்தவர். பிளஸ் டூ தேறியிருப்பதால் இவளும் நேராக இரண்டாம் வருஷம் டிப்ளமோ சேரலாம். சேரப்போவதாகப் போன வருஷம் சொன்னாள், இந்த வருஷமும் சொல்லியிருக்கிறாள். இன்னும் விண்ணப்பிக்கவில்லை. மெமோவுக்குப் பின் மாதேஸ்வரனிடமிருந்து எடுத்துவிட்ட வெள்ளிக்கிழமை கடைசி பீரியடை இப்போது ஓர் ஆங்கில ஆசிரியை எடுக்கிறார்.