வெளியூர்க் கட்டணம்

மாலை நான்கு மணி இருபது நிமிடம். மகளின் முகத்தில் நான் பிடித்திருந்த நெபுலைசரின் இரைச்சல் சட்டென்று நின்றது. மருந்து பாதி மிச்சமிருந்தது. ஊரெல்லாம் கரண்டு போயிருக்கும் என்று நினைத்தேன். எதிர்வீட்டில் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. வாசலுக்கு ஓடினேன். எங்கள் வீட்டு ஃபியூஸைப் பிடுங்கிக் கையில் வைத்தபடி பேரூராட்சியின் பில் கலெக்டர் நின்றார்.

சூலூருக்கு அப்பால், விசைத்தறித் தொழிலாளர்களுக்காகப் பேரூராட்சி கட்டிய வரிசை வீடுகளில் குடியிருந்தோம். மொத்தக் குடியிருப்புக்கும் ஒரே மின் இணைப்பு. வீட்டுக்கு வீடு உள்மீட்டர். யூனிட் விலையை மன்றம் தீர்மானம் போட்டு முடிவு செய்யும். அந்த வருடம் வந்த தீர்மானம் அந்த ஊரில் ஓட்டு உள்ளவர்களுக்கு ஒரு விலை, இல்லாதவர்களுக்கு அதைவிடக் கூடுதல் விலை என்றது. எங்கள் ஓட்டு வெள்ளகோவில் பக்கத்துச் சொந்த ஊரில். தேர்தலுக்கு ஊருக்குப் போவது எங்களுக்குக் கோயில் நோம்பிக்குப் போவது மாதிரி. வாக்காளர் பட்டியலிலிருந்து பெயரை எடுத்தால் குடும்பத்துக்கு இவ்வளவு என்று கோயிலுக்குக் கட்டும் தலைக்கட்டு வரியிலிருந்தும் பெயர் போய்விடும், பிறகு ஊரில் நாம் யாரோ என்று நாங்களாகவே நம்பிக்கொண்டிருந்தோம். இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை என்பது பின்னால்தான் தெரிந்தது. எதிர்வீட்டுக்கு என்ன விலையோ அதைத்தான் கட்டுவேன் என்று பிடிவாதம் பிடித்து, கூடுதல் தொகையைக் கட்டாமல் விட்டேன். நியாயம் என் பக்கம்தான் இருந்தது. மகளின் மூச்சு அதற்குள் மாட்டிக்கொள்ளும் என்று யோசிக்கவில்லை.

நான் கெஞ்சத் தொடங்கும் முன்பே எதிர்வீட்டு அக்கா வந்துவிட்டார். தறிக்குப் போகிறவர், அந்த ஊரிலேயே பிறந்தவர், குறைந்த விலை கட்டுகிறவர். தன் வீட்டு பிளக்கிலிருந்து வயரை இழுத்துவந்து எங்கள் ஜன்னல் வழியாக உள்ளே கொடுத்தார். நெபுலைசர் மறுபடி இரையத் தொடங்கியது.

“ஏனுங்கக்கா, அடுத்த ஊட்டுக்குக் கரண்டு குடுத்தா உங்க ஃபியூஸையும் புடுங்கோணுமுங்க,” என்றார் பில் கலெக்டர்.

“புடுங்குங்க சாமி. அப்பறம் ஓட்டுக் கேக்க வாரவங்களை டார்ச்சு லைட்டோட வரச் சொல்லிப்போடுங்க.”

பில் கலெக்டருக்கே சிரிப்பு வந்துவிட்டது. அக்கா வீட்டு ஃபியூஸைப் பிடுங்காமல் போய்விட்டார். எங்களுடையதைத் திருப்பித் தரவும் இல்லை.

மறுநாள் காலை, உள்ளூர் ஓட்டுள்ள பெண்களையெல்லாம் கூட்டிக்கொண்டு அக்கா பேரூராட்சி அலுவலகத்தில் போய் உட்கார்ந்துவிட்டார். வார்டு கவுன்சிலர் வந்து, “ஓட்டே இல்லாதவங்களுக்கு நீங்க எதுக்குங்க பேசறீங்க?” என்று கேட்டார்.

“எங்களுக்கு ஓட்டு இருக்கறதாலதானுங்க பேசறோம். எங்கூட்டு பல்பு கரண்டுல எரியுதுங்களா, ஓட்டுல எரியுதுங்களா? எல்லாத்துக்கும் ஒரே விலை போடற வரைக்கும் நாங்களும் கட்டமாட்டமுங்க.”

ஓரமாக நின்ற என்னைப் பார்த்ததும் அக்கா அதட்டினார்: “தம்பி, நீ ஊட்டுக்குப் போயி பாப்பாவைப் பாரு. இது ஓட்டுக்காரங்க சண்டை.”

அந்தத் தீர்மானத்தால் அவருக்கு ஒரு நஷ்டமும் கிடையாது. வாயை மூடிக்கொண்டிருந்தால் லாபம்தான். நான் பிடித்த பிடிவாதம் என் வீட்டை இருட்டாக்கியது. அவர் பிடித்த பிடிவாதத்தை மன்றத்தால் தள்ள முடியவில்லை. நியாயம் இரண்டிலும் ஒன்றுதான். ஆனால் தன் குறைந்த விலையையும் தன் வீட்டுக் கரண்டையும் அவர் பணயம் வைத்தார் என்பது எனக்கு மெதுவாகத்தான் புரிந்தது.

மூன்றாம் நாள் மாலை, மகள் மூச்சு சீராகித் தூங்கிக்கொண்டிருந்தாள். பேரூராட்சித் தலைவரம்மாவே எங்கள் வாசலுக்கு வந்தார். அவருக்குப் பின்னால் அக்கா, இடுப்பில் கை வைத்துக்கொண்டு.

“மன்றம் கூடி அந்தத் தீர்மானத்தை ரத்துப் பண்ணிட்டமுங்க. இனி எல்லா ஊட்டுக்கும் ஒரே விலை,” என்றார் தலைவரம்மா. பிறகு அக்காவைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். “எதுத்து ஒருத்தரும் கை தூக்கலைங்க. கையைத் தூக்கிப்போட்டு இவிய ஊட்டுப்பக்கம் தலை காட்ட முடியுமுங்களா?”