மாலை போட்ட சாமி விற்ற ஸ்போர்ட்ஸ் கார்

கிளட்ச் கருகினால் என்ன வாசனை வரும் என்று பதுளையில் பல பேருக்கு நான்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். பழைய தலையணையை அடுப்பில் போட்ட மாதிரி இருக்கும் என்பேன். அன்று தெமோதரைக்கு மேலே, தேயிலை மலைக்கு நடுவில், அடைமழையில் அந்த வாசனை மூக்கில் ஏறியபோது, தொழிலாளர் லயத்தில் யாரோ தலையணையை எரிக்கிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன்.

எரிந்தது என் கிளட்ச். காரை வாங்கிய வீட்டில் குடித்த தேத்தண்ணீரின் இனிப்பு இன்னும் வாயிலிருந்து போகவில்லை.

1. என் பிழைப்பு

பாவித்த பழைய வாகனம் வாங்கப் போகிறவர்கள் என்னைக் கூட்டிக்கொண்டு போவார்கள். நான் பார்த்து நல்லது கெட்டது சொல்வேன். நான் மெக்கானிக் இல்லை. நட்டைக் கழற்றத் தெரியும். திரும்பப் பூட்டினால் ஒன்று மிஞ்சும். என் வித்தை எல்லாம் விற்கிறவரின் வாயைப் பார்ப்பதில்தான். "லேடி டொக்டர் ஓட்டினது" என்றால் ஓடிய கணக்கைக் குறைக்க மீட்டரைத் திருப்பியிருக்கிறார்கள். "ஒரு கீறல் இல்லை" என்றால் முழு உடம்புக்கும் புது பெயின்ட். "விக்க மனசே இல்லீங்க" என்றால் தவணை கட்டாததால் லீசிங்காரர் தேடிக்கொண்டிருக்கிறார். இப்படியே பசாரில் எனக்கு "மீட்டர்" என்று பெயர் விழுந்தது. கடை, போர்டு, முதல் எல்லாமே எனக்கு அந்தப் பெயர்தான். அது கெட்டால் அடுத்த நாள் நான் பஸ் ஸ்டாண்டில் கச்சான் கடலை விற்க வேண்டும்.

இந்தத் தொழிலுக்கு வரும் தம்பிமாருக்கு ஒரு விதி சொல்வேன்: விற்கிறவர் சொல்வதைத் தலைகீழாக்கு, உண்மை கிடைக்கும். அந்த விதிதான் என்னைக் கவிழ்த்தது.

2. ரெண்டு சீட்டு

வெளிநாட்டிலிருந்து வாகனம் வருவதை அரசாங்கம் நிறுத்தி வைத்திருந்த காலம். நாலு டயர் உள்ள எதுவும் மாப்பிள்ளை மாதிரி விலை சொல்லிக்கொண்டு நின்றது. அப்போது என் போனுக்கு ஒரு படம் வந்தது. வெள்ளி நிறம், கூரை திறந்து மூடும் ஜப்பான் ஸ்போர்ட்ஸ் கார். தெமோதரைக்கு மேலே சின்னத் தனியார் தோட்டம் ஒன்றில் நிற்கிறது. தோட்டச் சொந்தக்காரரின் மகன் கொழும்பில் வாங்கி, அப்பாவின் கராஜில் போட்டுவிட்டுக் கனடா போய்விட்டான். ஓடியதே இல்லை என்றார்கள். விலையோ பழைய வான் ஒன்றின் விலை.

எனக்கு வயது ஐம்பதை நெருங்குகிறது. முன்னால் வயிறு, பின்னால் சொட்டை. இரண்டுக்கும் நடுவில் அந்தக் காரில் போவதாக ஒரு படம் என் தலைக்குள் ஓடத் தொடங்கியது.

என் மனைவி சரோஜா போனை வாங்கிப் பார்த்தாள். "நாம நாலு பேரு. இது ரெண்டு சீட்டு. நடந்து வர்ற ரெண்டு பேரு யாருன்னு மட்டும் சொல்லிடுங்க" என்றாள்.

அடுத்த ஞாயிறு ஆஸ்பத்திரி டொக்டர் ஒருவருக்கு வான் பார்க்கப் போவதாக ஏற்பாடு. யாழ்ப்பாணத்து மனிதர், வருடக்கணக்காக என்னை நம்புகிறவர். அவரை நம் காரிலேயே ஏற்றிக்கொண்டு போகலாம் என்று முடிவு செய்தேன். தொழிலுக்கும் விளம்பரம்தானே.

3. புகழ்ந்தது யார்?

தோட்டக்காரர் கறுப்பு வேட்டி, தாடி, கழுத்தில் துளசி மாலையோடு வாசலுக்கு வந்தார். ஐயப்பனுக்கு மாலை போட்டிருந்தார். மாலை போட்டவர் பொய் சொல்லக் கூடாது என்பது ஊருக்கே தெரியும். எனக்கு, மாலையோடு மீட்டர் திருப்பிய ஆட்களையும் தெரியும். ஆளைப் பார்த்ததும், 'நல்ல வேஷம்' என்று மனதுக்குள் குறித்துக்கொண்டேன்.

"சாமி வாங்க" என்றார். மாலை போட்ட நாட்களில் அவர்களுக்கு எல்லாருமே சாமி.

காரை மூடியிருந்த படங்கை இழுத்தார். காரைப் பார்த்ததும் நான் படித்த பாடமெல்லாம் மூளையிலிருந்து இறங்கி நடந்து போய்விட்டது. சீட்டில் பிளாஸ்டிக் உறைகூடக் கழற்றவில்லை. மீட்டரில் இருந்த இலக்கம் என் த்ரீவீல் ஒரு மாதத்தில் ஓடுவதைவிடக் குறைவு. அது திருப்பாத மீட்டர் என்று சத்தியம் செய்வேன்.

அவரோ வண்டியைக் குறை சொல்ல ஆரம்பித்தார். மகன் போன பிறகு பட்டரி சாகக் கூடாதென்று தாமே ஞாயிறுதோறும் எடுத்து, இந்த முற்றத்துக்குள்ளேயே முன்னுக்கும் பின்னுக்கும் ஓட்டினாராம். ஓட்டப் பழகியதும் இதில்தானாம். கிளட்ச்சிலிருந்து காலை எடுத்ததே இல்லையாம்.

"கார் ஓடலை சாமி. கிளட்ச்தான் ஓடியிருக்கு. ஏத்தம் ஏறாது."

என் விதிப்படி இதைத் தலைகீழாக்கினேன். வேறு யாரோ கூடின விலைக்குக் கேட்டிருக்கிறார்கள். என்னைப் பயம் காட்டி அனுப்பப் பார்க்கிறார். விடுவேனா? இத்தனை வருடத்தில் முதல் தடவையாக, வாங்க வந்த நான் வண்டியைப் புகழ ஆரம்பித்தேன். ஜப்பான் கிளட்ச் அப்படி லேசில் தேயாது என்றேன். எஞ்சின் சத்தம் சங்கீதம் என்றேன். அவர் ஒரு குறை சொல்ல, நான் ஒரு பெருமை சொல்ல, தேத்தண்ணீர் கொண்டு வந்த வீட்டு அம்மாவுக்கு யார் விற்கிறார், யார் வாங்குகிறார் என்றே குழம்பிவிட்டது.

முற்றத்தில் ஓட்டிப் பார்த்தேன். வழவழவென்று போனது. முற்றம் சமதரை என்பதை மூளை குறித்துக்கொள்ளவில்லை.

பணத்தை எண்ணிக் கொடுத்ததும் அவர் என் கையைப் பிடித்தார். "சாமி, ஒண்ணு கேளுங்க. ஓட்டிக்கிட்டுப் போகாதீங்க. கொழுந்து லொறி இப்ப வரும், அதுல ஏத்தி அனுப்பறேன். இந்தக் கார் இங்க வந்ததும் அதுலதான்."

ஸ்போர்ட்ஸ் காரை லொறியில் ஏற்றிக்கொண்டு பதுளை பசாருக்குள் போவதா? நான் சிரித்தே விட்டேன். சரோஜாவுக்குப் போன் போட்டு, எலுமிச்சம்பழமும் சூடமும் வாங்கிக்கொண்டு கோயில் வாசலில் நிற்கச் சொன்னேன்.

4. பள்ளத்தில்

பங்களாவிலிருந்து பாதை முதலில் இறங்குகிறது. இறக்கத்தில் நான் ராஜா. ஒரு கையால் ஸ்டியரிங், மறு கையால் கொழுந்து எடுக்கும் பெண்களுக்கு டாட்டா. அடியில் பள்ளம். அதைத் தாண்டினால் மெயின் ரோட்டுக்கு ஏற்றம்.

ஏற்றத்தின் பாதியில் எஞ்சின் கத்தியது. கார் நின்றது. இன்னும் மிதித்தேன். இன்னும் கத்தியது. அப்போதுதான் அந்தத் தலையணை வாசனை. பிறகு கார் மெதுவாகப் பின்னால் போனது. ஹேண்ட் பிரேக்கை இழுத்தேன். அது கையோடு மேலே வந்ததே தவிர கார் நிற்கவில்லை. பதற்றத்தில் கைக்கு எட்டியதையெல்லாம் அழுத்தினேன். வைப்பர் ஆடியது. ரேடியோ பாடியது. கூரை அழகாகத் திறந்து பின்னால் மடிந்துகொண்டது. மழை நேராக மடியில் இறங்கியது. திரும்ப எவ்வளவு அழுத்தியும் கூரை மூடவில்லை. கால் தற்செயலாக பிரேக்கில் பட்டதால்தான் பள்ளத்தின் அடியிலாவது நின்றேன். மாலை போடாமலே "சாமியே சரணம்" சொல்லிக்கொண்டிருந்தேன்.

பின்னாலிருந்து ஹோன் சத்தம். கொழுந்து லொறி. அந்தப் பாதையில் இரண்டு வாகனம் விலக முடியாது. நான் போகாமல் கொழுந்து போகாது. கொழுந்து போகாமல் பெக்டரி ஓடாது. டிரைவர் இறங்கி வந்து, நனைந்த என்னையும் திறந்த காரையும் பார்த்தான். கொழுந்து மூட்டையை லொறியில் ஏற்றுவதற்கென்று பள்ளத்தின் ஓரத்தில் ஒரு மண்மேடு, லொறித் தட்டு உயரத்துக்கு. பெண்களும் கங்காணியும் சேர்ந்து தள்ளி, மூட்டைகளை ஒதுக்கி, காரை அதன் வழியாகவே லொறியில் ஏற்றினார்கள். பழகிய கை. கார் வந்த நாளில் இறக்கியதும் அவர்கள்தானாம்.

"ஹேண்ட் பிரேக் பிடிக்கலையே. யாராச்சும் உள்ள உக்காந்து பிரேக்க மிதிச்சுக்கிட்டு வரணும்" என்றான் டிரைவர். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். ஒரு பெண் தன் குடையைக் கொடுத்தாள்.

5. ஊர்வலம்

கொழுந்து மூட்டைகளுக்கு நடுவில், லொறி மேல், கூரை திறந்த ஸ்போர்ட்ஸ் காரில், ஒரு கையில் குடையும் மறு கையில் ஸ்டியரிங்குமாக நான் பதுளைக்குள் வந்தேன். ஸ்டியரிங்கை ஏன் பிடித்திருந்தேன் என்று இன்றைக்கும் தெரியாது. பசாரில் கடைக்காரர்கள் எழுந்து நின்றார்கள். டிரைவர் படுபாவி வேகத்தைக் குறைத்து, ஜன்னலால் தலையை நீட்டினான்.

"மீட்டரண்ணே, முன்னால ஆளு நிக்குது. ஹோன் அடிங்க."

கோயில் வாசலில் சரோஜா. லொறியை மேலிருந்து கீழ் வரை பார்த்தாள். சிரிக்கவில்லை, அதுதான் கொடுமை.

"எலுமிச்சம்பழத்த எந்த டயருக்கு வைக்கிறது? லொறிக்கா, காருக்கா?"

ஞாயிறு வரை போனை எடுக்கவில்லை. இனி என்னை யார் கூப்பிடுவார்கள்? கச்சான் வறுக்க எந்த மணல் நல்லது என்றுகூட யோசித்துவிட்டேன். ஞாயிறு காலை டொக்டர் வீட்டுக்கே வந்துவிட்டார். லொறிக்காரன் வாயால் கதை முழுவதும் அவருக்குப் போயிருந்தது.

"டொக்டர், இனி என்னை நம்பி வான் பார்க்கப் போகாதீங்க" என்றேன்.

"உண்மை சொன்ன மனுசனிட்டத்தானே நீங்கள் ஏமாந்தனீங்கள்?" என்றார் அவர். "இந்த வான்காரன் வாயைத் திறந்தாப் பொய். நீங்கள் பயப்பிடாம வாங்கோ."

போனோம். வான்காரர் எங்களைக் கண்டதும், "லேடி டொக்டர் ஓட்டினது" என்று தொடங்கினார். எனக்கு அம்மா வீட்டுக்கு வந்த மாதிரி இருந்தது. டொக்டர் அந்த வானை வாங்கவில்லை. என் பெயர் பிழைத்தது.

தம்பிமாரே, பழைய விதியை நான் அழிக்கவில்லை. பக்கத்தில் ஒன்று சேர்த்திருக்கிறேன்: விற்கிறவர் தன் வண்டியைத் தானே குறை சொன்னால், வாயை மூடிக்கொண்டு கேள்; அந்த வண்டி அங்கே எப்படி வந்து சேர்ந்தது என்றும் கேள்.

கிளட்ச் பிளேட் கொழும்பிலிருந்து வருகிறது, வருகிறது, வந்துகொண்டே இருக்கிறது. கார் என் கொட்டிலில் நிற்கிறது. பட்டரி சாகக் கூடாதென்று ஞாயிறுதோறும் முன்னுக்கும் பின்னுக்கும் எடுக்கிறேன். பள்ளத்தில் ஐயப்பனைக் கூப்பிட்ட கடனுக்கு இந்த வருடம் நானும் மாலை போட்டேன். போன கிழமை மொனராகலையிலிருந்து ஒருவர் கார் பார்க்க வந்தார். கிளட்ச் இல்லை, ஹேண்ட் பிரேக் இல்லை, கூரை மூடாது, லொறி கொண்டு வாங்க சாமி என்று ஒன்று விடாமல் சொன்னேன்.

அவர் என் மாலையைப் பார்த்தார். மீட்டரைப் பார்த்தார். மெதுவாகச் சிரித்துவிட்டு, "எஞ்சின் சத்தம் சங்கீதம் மாதிரி இருக்குங்களே" என்றார்.