கிரேக்கப் படகுக்கு ஒரு துணை மாலுமி

என் கணவர் இருபத்திரண்டு வருடம் சரக்குக் கப்பல்களில் வேலை பார்த்தவர். ஒருமுறை அவருடைய கப்பல் துறைமுகத்தில் இடம் கிடைக்காமல் கிரேக்கக் கரைக்கு அப்பால் நான்கு நாள் நங்கூரம் போட்டு நின்றிருக்கிறது. அந்த நான்கு நாளும் சின்னச் சின்ன வெள்ளைப் படகுகள் பாய் விரித்துக்கொண்டு கப்பலைச் சுற்றிப் போவதும் வருவதுமாக இருந்தனவாம். ஒரு படகில் புருஷனும் பெண்டாட்டியும் மட்டும். அந்தப் பெண் சுக்கானைப் பிடித்திருக்க, அந்த ஆள் உட்கார்ந்து தக்காளி நறுக்கிக்கொண்டிருந்தாராம். எல்லாம் வாடகைப் படகுகள், ஒரு வாரம் எடுத்துத் தீவு தீவாகச் சுற்றிவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள் என்று கூட இருந்தவர் சொல்லியிருக்கிறார். அன்றைக்கே எனக்குப் போன் செய்து, நாமும் ஒருநாள் இப்படிப் போகிறோம் என்றார். கப்பலில் இருப்பவர்கள் போனில் எத்தனையோ சொல்வார்கள். நான் சரி என்று சொல்லிவிட்டு மறுநாள் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிவிட்டேன். ரங்கூனில், தின்கன்ஜூன் பகுதியில், ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கிறேன்.

அவர் மறக்கவில்லை. கடைசிக் கப்பலை விட்டு இறங்கியதும் வீட்டுக்கு வராமல் நேராகத் தாய்லாந்துக்குப் போய், இரண்டு வாரம் பாய்மரப் பயிற்சி எடுத்து, ஒரு சான்றிதழோடு வந்து நின்றார். கிரேக்கத்தில் படகு வாடகைக்கு விடும் ஓர் அலுவலகத்துக்கும் எழுதிப் போட்டுவிட்டார். கரண்ட் வரும் நேரம் பார்த்து, இருவரும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து பதிலைப் படித்தோம். எழுதியிருந்தது ஒரு பெண். நல்ல இங்கிலீஷ், அன்பான எழுத்து. கூடவே ஒரு படிவம். அதில் இரண்டு பெயர் எழுத வேண்டும். ஒருவர் மாலுமி, அவருக்குச் சான்றிதழ் வேண்டும். இன்னொருவர் துணை மாலுமி. அவருக்குச் சான்றிதழ் வேண்டாம், எனக்குப் பாய்மரப் படகு ஓட்டிப் பழக்கம் உண்டு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும்.

"கையெழுத்துத்தானே, போட்டுடு" என்றார் அவர்.

"மாட்டேன். தெரியாததைத் தெரியும்னு எழுதிக் குடுக்கச் சொல்றீங்களா? பள்ளிக்கூடத்துல ஒரு பிள்ள இப்படிச் செஞ்சா நான் சும்மா விடுவேனா?"

"அப்ப கத்துக்க" என்றார்.

எனக்கு அப்போது நாற்பத்தெட்டு வயது. தண்ணீரோடு எனக்கு இருந்த பழக்கமெல்லாம், ஆற்றுக்கு அக்கரையில் டாலாவுக்குப் போகும் ஃபெரியில் கம்பியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு நின்றதுதான். ஆனாலும் அவர் அப்படிச் சொன்னதும் படிவத்தை மறுபடியும் முதலிலிருந்து படித்தேன். பயத்தில்தான் படிக்கிறேன் என்று முதலில் நினைத்தேன். ராத்திரி படுத்துக்கொண்டு யோசித்தபோதுதான் அது பயமில்லை என்று தெரிந்தது.

மறு வாரமே போட்டாதாங் படகுத்துறையில் ஆளைப் பிடித்துவிட்டார். படகுக்காரருக்கு அறுபது வயதிருக்கும், பர்மியர். நாங்கள் ஊலே, அதாவது சித்தப்பா, என்றே கூப்பிட்டோம். முன்பு துவாந்தேயிலிருந்து சட்டிபானை ஏற்றி வந்த மரப் படகு அவருடையது. பின்பக்கம் ஒரு டீசல் எஞ்சின், நடுவில் பாய்மரம் நட ஒரு துளை. கியாக்தான் வரை போய், அங்கே ஆற்றுக்கு நடுவில் இருக்கும் பயாவை, புத்தர் கோயிலை, ஒரு தரம் பார்த்துவிட்டு மறுநாள் திரும்புவது என்று பேசி, இரண்டு நாளைக்கு வாடகைக்கு எடுத்தோம். நாங்களே பாய் கட்டி ஓட்டுவோம், அவர் கூட இருந்தால் போதும் என்று என் கணவர் சொன்னதும், எஞ்சின் நன்றாக ஓடும்போது எதற்குப் பாய் என்று கேட்டார். கிரேக்கம், படிவம், துணை மாலுமி எல்லாவற்றையும் விளக்கினோம். முழுக்கக் கேட்டுவிட்டு, கிரேக்கத்தில் டீசல் கிடைக்காதா என்றார்.

பாயைத் தைத்தது நான். லாரிக்கு மூடும் கான்வாஸ் வாங்கி, வீட்டுத் தையல் மிஷினில் மூன்று ஊசியை உடைத்தேன். விரித்து அளக்க வீட்டில் இடமில்லை. ஞாயிற்றுக்கிழமை ஜெபம் முடிந்ததும் கோயில் ஹாலில் தரையில் விரித்து மண்டிபோட்டு அளந்துகொண்டிருந்தேன். வந்த பெண்களெல்லாம் பந்தல் துணி என்று நினைத்து, யாருக்குக் கல்யாணம் என்று கேட்டுவிட்டுப் போனார்கள். ஒருத்தரிடம் மட்டும் படகுக்குப் பாய் என்று உண்மையைச் சொன்னேன். அவர் எனக்காக ஜெபிக்கிறேன் என்றார்.

வெளியூரில் ராத்தங்குவதற்குப் பேட்டை ஆபீசில் அனுமதிச் சீட்டு வாங்கி, பிப்ரவரிக் கடைசியில் ஒரு சனிக்கிழமை கிளம்பினோம். ரங்கூன் ஆற்றில் எதற்கும் தண்ணீரைத்தான் முதலில் கேட்க வேண்டும். கடல் நீர் ஏறும்போது ஆறு பின்னோக்கி ஓடும், வற்றும்போது கடலைப் பார்த்து இழுத்துக்கொண்டு போகும். காலை ஏழரைக்கு வற்றம் தொடங்கியது. ஊலே எஞ்சினைப் போட்டுத் துறையை விட்டு நகர்த்தினார். சரக்குப் படகுகளையும் கூலிக்காரர்களையும் தாண்டியதும் என் கணவர் எஞ்சினை அணைக்கச் சொல்லிவிட்டுக் கயிற்றை இழுத்தார். நான் தைத்த பாய் மூங்கில் பாய்மரத்தில் ஏறி, ஒரு தரம் சடசடவென்று அடித்துக்கொண்டு, பிறகு வடகாற்றை வாங்கி வயிறு புடைத்து நின்றது.

எஞ்சின் சத்தம் நின்றதும் வந்த அமைதி இன்னும் என் காதில் இருக்கிறது. படகின் அடியில் தண்ணீர் சளசளக்கும் ஓசை மட்டும். ஆற்றோரத்து ஸ்ட்ராண்ட் ரோட்டின் கட்டடங்கள் பின்னால் போய்க்கொண்டே இருந்தன. பாகோ ஆறு வந்து சேரும் இடத்தில் தண்ணீர் சுழித்துப் படகை ஆட்டியது. நான் சிரித்துக்கொண்டிருக்கிறேன் என்பதை என் கணவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். திலாவா துறைமுகத்தில் பெரிய கப்பல்களின் பக்கத்தில் போனபோது மேலே தளத்திலிருந்து ஒரு மாலுமி எங்களைப் போட்டோ எடுத்தான். என் கணவர் அவனுக்குக் கையை ஆட்டியதைப் பார்க்க வேண்டும். இத்தனை வருடம் மேலே நின்று பார்த்தவர் அவர்.

பதினோரு மணிவாக்கில், கியாக்தானுக்குப் போகும் ஓடையின் வாய்க்குப் பக்கத்தில், சுக்கான் கட்டையை என்னிடம் கொடுத்தார். இடது பக்கம் வண்டல்மேடு ஒன்று பழுப்பாகத் தெரிந்தது. கொஞ்ச தூரம் நன்றாகத்தான் போனேன். திடீரென்று அவர் முன்னாலிருந்து "ரைட்ல, ரைட்ல" என்று கத்தினார். நான் கட்டையை வலப்பக்கம் தள்ளினேன். படகு இடப்பக்கம் திரும்பியது. இன்னும் தள்ளினேன், இன்னும் திரும்பியது. பிறகு வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல, சத்தமே இல்லாமல், சேற்றில் ஏறி நின்றுவிட்டது.

ஊலே ஓடிவந்து எஞ்சினைப் பின்னோக்கிப் போட்டுப் பார்த்தார். சேறுதான் கிளம்பியது. தண்ணீர் வற்றிக்கொண்டிருந்தது, அரை மணியில் படகைச் சுற்றி ஈரச் சேறு மட்டும்தான். ஊலே எஞ்சினை அணைத்துவிட்டுச் சுருட்டைப் பற்றவைத்தார். தண்ணீர் மறுபடி ஏற நாலு மணியாகும் என்றார்.

எனக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தது. "கப்பல்ல கத்துற மாதிரி கத்துனீங்க. நீங்க சொன்ன பக்கம்தான் தள்ளினேன்" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். கட்டையைப் பார்த்தார். தலையில் கை வைத்துக்கொண்டார். கட்டையை எந்தப் பக்கம் தள்ளுகிறோமோ அதற்கு எதிர்ப்பக்கம்தான் படகு திரும்பும், அதை எனக்குச் சொல்லியே தரவில்லை.

"தப்பு என் மேலதாம்மா" என்றார். கல்யாணமாகி இருபத்து மூன்று வருடத்தில் அவர் அப்படி உடனே ஒத்துக்கொண்டது அதுதான் முதல் தடவை. ஊலேவுக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் என்ன நடந்தது என்று புரிந்துகொண்டு முகத்தைத் திருப்பிச் சிரித்தார்.

கொண்டுபோயிருந்த புளிச்சோற்றையும் பொரித்த கருவாட்டையும் எடுத்துவைத்தேன். மூன்று பேரும் சாப்பிட்டோம். சேற்றில் குட்டி மீன்கள் துடுப்பை ஊன்றித் தத்தித் தத்திப் போய்க்கொண்டிருந்தன. சாப்பிட்டு முடித்ததும் என் கணவருக்கு ஒரு யோசனை வந்தது. படகுதான் எங்கேயும் போகாதே, இப்போது பழகினால் என்ன தப்பு நடந்துவிடும் என்றார். பாயை ஏற்றினோம். அவர் முன்னால் நின்று வலம், இடம் என்று சொல்லச் சொல்ல, நான் சேற்றில் நிற்கும் படகின் கட்டையைத் தள்ளிக்கொண்டிருந்தேன். பாயைத் தளர்த்து, இழு, மரத்துக்கு இந்தப் பக்கம் வா, தலையைக் குனி. தள்ளித் தள்ளித் தோள்பட்டை வலித்தது. தூரத்தில் ஓடையில் போன மீன்பிடிப் படகுக்காரர்கள் சேற்றின் நடுவில் பாய் விரித்து நிற்கும் எங்களைப் பார்த்து வேகத்தைக் குறைத்து ஏதோ கேட்டார்கள். ஊலே அவர்களுக்குப் பதில் கத்தினார். பாய் படபடத்ததில் காதில் விழாமல், என்ன சொன்னார் என்று என் கணவர் கேட்டதற்கு, சயாமா வெளிநாட்டுக்குப் படகு ஓட்டப் போகிறார், இடைஞ்சல் செய்யாதீர்கள் என்று சொன்னதாகச் சொன்னார். வாத்தியாரம்மாக்களை இங்கே சயாமா என்றுதான் கூப்பிடுவார்கள்.

நாலு மணிக்குச் சேற்றின் ஓரத்தில் தண்ணீர் ஒரு விரல் அகலத்துக்கு மினுங்கியது. பிறகு அது பார்க்கப் பார்க்க வந்தது. படகின் அடியில் ஒரு பலகை முனகியது, இன்னொன்று முனகியது, பிறகு மொத்தப் படகும் லேசாக எழுந்து அசைந்தது. அதே நேரத்தில் காற்றும் மாறித் தெற்கிலிருந்து, கடலிலிருந்து, உப்பு வாசனையோடு வந்தது. என் கணவர் கட்டையை வாங்கிக்கொள்வார் என்று நினைத்தேன். அவர் முன்னால் போய் உட்கார்ந்துவிட்டார்.

"நீயே கொண்டு போ" என்றார்.

ஏறுகிற தண்ணீரும் பின்காற்றும் ஒன்றாகத் தள்ள, படகு ஓடைக்குள் பாய்ந்தது. கட்டை என் கையில் நடுங்கியது. நான் ஒரு விரல் அளவு தள்ளினால் அவ்வளவு பெரிய படகு மூக்கைத் திருப்பியது. சரியாக நிறுத்திவைத்தால் நடுக்கம் அடங்கி ஒரு மாதிரி ரீங்காரம் போட்டது. இரண்டு கரையிலும் தாழை மாதிரி அடர்ந்த பச்சை, நடுநடுவே குடிசைகள், வலை காயப்போட்டுக்கொண்டிருந்த ஒரு பெண் கை ஆட்டினாள். திரும்பக் கை ஆட்ட எனக்குக் கை இல்லை. வளைவு வந்தபோது யாரும் எதுவும் சொல்லவில்லை. நான் எதிர்ப்பக்கம் தள்ளினேன், படகு வளைந்தது. தொண்டையிலிருந்து எனக்கே தெரியாத ஒரு சத்தம் வந்தது.

கியாக்தான் வந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. ஆற்று நடுவில் பயா பொன்னாக நின்றது. கும்பிட வந்தவர்களை ஏற்றி இறக்கும் படகுகள் குறுக்கும் நெடுக்கும் போய்க்கொண்டிருந்ததால் பாயை இறக்கிவிட்டு, ஊலே எஞ்சினைப் போட்டுப் படகைத் துறையில் சேர்த்தார். கயிற்றைக் கட்டி முடித்ததும் அவர் என்னிடம் வந்து, நாளைக்கும் நீங்களே பிடியுங்கள் சயாமா, நான் கொஞ்சம் தூங்க வேண்டும் என்றார். அந்த மனிதர் நாற்பது வருடமாக ஆற்றில் இருப்பவர். அவர் தூங்குகிற அளவுக்கு நான் ஓட்டினேன் என்பதற்கு மேல் எனக்கு என்ன சான்றிதழ் வேண்டும்?

மறுநாள் அவர் நிஜமாகவே தூங்கினார். போட்டாதாங் துறை கண்ணுக்குத் தெரியும் வரைக்கும் நான்தான் ஓட்டினேன். அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு சனிக்கிழமையும் தண்ணீர் வாகாக இருந்தால் ஆற்றில் இறங்கினோம். ஐந்தாவது தடவை முடிந்த சாயங்காலம் படிவத்தில் கையெழுத்துப் போட்டேன். எங்கே பழகினீர்கள் என்று கேட்டிருந்த இடத்தில், நாங்கள் வீட்டில் இன்னும் ரங்கூன் என்று சொல்கிற ஊரை யாங்கோன் என்று எழுதி, ஆள் உயரத்துக்கு மூன்று மடங்கு ஏறி இறங்கும் ஆறு என்றும் சேர்த்தேன்.

விசாவுக்குப் பாங்காக் வரை போக வேண்டியிருந்தது. கிடைக்குமா கிடைக்காதா என்று இருந்து, பள்ளிக்கூடத்துக் கோடை விடுமுறையில், மே மாத நடுவில் கிரேக்கத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். எங்களுக்குக் கடிதம் எழுதிய பெண்ணே படகுத்துறையில் நின்றாள், என்னை விடச் சின்னவள், வெயிலில் கறுத்த முகம். படகு முப்பது அடி, வெள்ளை. அவள் ஒவ்வொரு கயிறாகக் காட்டினாள். எல்லாம் காட்டி முடித்ததும் என் முதல் கேள்வியைக் கேட்டேன், இங்கே தண்ணீர் எத்தனை மணிக்கு வற்றத் தொடங்கும் என்று.

அவள் புரியாமல் பார்த்தாள். பிறகு, இங்கே வற்றாது, ஒரு சாண் ஏறும், ஒரு சாண் இறங்கும், அவ்வளவுதான் என்றாள்.

என்னால் நம்ப முடியவில்லை. துறைக் கல்லில் ஈரம் இருந்த இடத்தைப் பார்த்து வைத்துக்கொண்டு சாயங்காலமும் மறுநாள் காலையும் போய்ப் பார்த்தேன். அவள் சொன்னது சரிதான். எப்போது வேண்டுமானாலும் கிளம்பலாம், எப்போது வேண்டுமானாலும் வரலாம். அப்படி ஒரு தண்ணீர் உலகத்தில் இருக்கிறது என்று நினைத்து எனக்கு விடிகாலையிலேயே சிரிப்பு வந்தது.

எட்டு மணிக்கு என் கணவர் கரையிலிருந்த கயிற்றை அவிழ்த்து உள்ளே எறிந்துவிட்டு ஏறினார். துறையின் வாயைத் தாண்டியதும் காற்று கிடைத்தது. முன்னால் ஒரு தீவு, அதற்கு அப்பால் இன்னொன்று, தண்ணீர் அடிவரை தெரிகிற நீலம். பாய் நிமிர்ந்ததும் படகு ஒரு பக்கம் சாய்ந்து ஓட ஆரம்பித்தது, துளிகள் முகத்தில் தெறித்தன. ஊலேவின் படகு இப்படி ஒருநாளும் சாய்ந்ததில்லை. சுக்கானைப் பிடித்துக்கொண்டே பயந்து என் கணவரைப் பார்த்தேன், அவர் சிரித்துக்கொண்டிருந்தார். சாயட்டும், விடு என்றார். விட்டேன். அது இன்னும் வேகமாகப் போனது.

அன்று மாலை வரை சுக்கானை நான் அவரிடம் கொடுக்கவில்லை.