அக்கா அளவில் ஒரு பந்தி

நான் சிற்பம் செய்கிறவள். இரும்பும் மரமும்தான் கைக்குப் பழகியவை. போன வருடம் எங்கள் ஊரில் கணபதி பகுதியில் ஒரு வெல்டிங் பட்டறையில் இடம் கேட்டு வாங்கி, ஒரு பந்தி செய்தேன். நீள மேசை ஒன்று, அதை ஒட்டி ஒரு வரிசை நாற்காலி. எல்லாம் என் அக்காவின் அளவு.

அக்கா வளர்ந்து நின்றது ஐந்தாம் வகுப்புப் பிள்ளையின் உயரத்தில். கல்யாண மண்டபத்து நாற்காலியில் உட்கார்ந்தால் கால் தரைக்கு எட்டாது. மேசை விளிம்பு நெஞ்சுக்கு மேலே நிற்கும். இலையில் என்ன விழுந்தது என்று எட்டிப் பார்த்துத்தான் கை வைப்பாள். காந்திபுரத்தில் எந்தக் கடையில் கேட்டாலும் மேசைக்கு ஒரே உயரம்தான். யாரை நிற்க வைத்து அளந்தார்களோ, அந்த மகராசனை நேரில் பார்த்தால் நாலு வார்த்தை கேட்க வேண்டும். ஒருநாளாவது அவள் கால் தரையில் பதிய உட்கார்ந்து பந்தியில் சாப்பிட வேண்டும். எனக்கு இருந்தது அந்த ஆசைதான்.

பந்தியை ஒரு கண்காட்சியில் வைத்தேன். முதல் நாள் மதியம், அந்த மேசையிலேயே இலை போட்டுச் சாப்பாடு. அக்கா வருவதற்கு முன்பே சிலர் உட்கார்ந்து பார்த்தார்கள். முழங்கால் இடித்து, நெளிந்து, அசடு வழிந்தார்கள். எனக்கு உள்ளூரச் சந்தோஷம். அக்காவைக் கூட்டிவர வாசலுக்குப் போய்த் திரும்பினால், மேசையும் நாற்காலிகளும் வளர்ந்து நிற்கின்றன. எல்லாவற்றின் காலுக்கும் கீழே செங்கல்!

"வந்தவங்க முட்டி மடக்கிச் சிரமப்படறாங்கல்லங்க அம்மணி, அதான் தூக்கி வெச்சுப்போட்டேனுங்க" என்றார் அரங்கத்தைப் பார்த்துக்கொள்பவர். முகத்தில் அத்தனை நிறைவு. வந்தவர்களைச் சிரமப்பட விடக் கூடாது என்பது எங்கள் ஊர்க்காரர்களுக்கு ரத்தத்தில் ஊறியது. வந்தவர் என்றால் எந்த உயரத்தை நினைக்கிறோம் என்று மட்டும் யோசிப்பதில்லை.

"ஏனுங்க, இவங்களும் வந்தவங்கதானுங்களே!" என்று கத்திவிட்டேன்.

அவர் அப்போதுதான் அக்காவைப் பார்த்தார். குனிந்து, செங்கற்களை ஒவ்வொன்றாக உருவினார்.

அக்கா உட்கார்ந்தாள். இரண்டு பாதமும் தரையில் பதிந்தன. பக்கத்து நாற்காலியைத் தட்டி, "நீயும் உக்காரு கண்ணு" என்றாள். உட்கார்ந்தேன். அரிசிம்பருப்புச் சோறு முடிவதற்குள் இடுப்பு கடுத்தது, ஒரு கால் மரத்துப்போனது. கை கழுவுகிற சாக்கில் மெல்ல எழப் பார்த்தேன்.

அக்கா இலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"பந்தில பாதில எந்திரிக்கக் கூடாது கண்ணு. நா என்னிக்காச்சும் எந்திரிச்சிருக்கறனா?" என்றவள், ரசத்துக்கு இன்னும் கொஞ்சம் சோறு கேட்டாள்.