கார்டு போணியாகாதுங்க

காலை ஒன்பது நாற்பது. 1996ஆம் வருடம், அக்டோபர் மாதத்துச் சனிக்கிழமை. ஹூஸ்டனில் ஹில்கிராஃப்ட் சாலையில் இருக்கும் எங்கள் மளிகைக் கடையின் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு நுழைந்தபோது நான் முதலில் பார்த்தது, கல்லாவுக்கு முன்னால் நீண்டிருந்த ஒரு கை. அதில் ஒரு கிரெடிட் கார்டு. கல்லாவுக்குப் பின்னால் என் கணவர் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

“ஒரு அஞ்சு நிமிஷம் இருங்க. போணி ஆகட்டும்” என்றார் கணவர்.

“நான்தானே முதல்ல வந்திருக்கேன்? நான்தான் சார் போணி” என்றார் அந்தப் பெண். நர்ஸ் உடையில் இருந்தார். இரவு ஷிப்ட் முடித்து நேராக வந்திருக்க வேண்டும். பேச்சு சென்னைப் பேச்சு. கூடையில் பொன்னி அரிசி, துவரம் பருப்பு, முருங்கைக்காய், ஒரு கட்டு கறிவேப்பிலை.

“நீங்கதானுங்க. ஆனா கார்டு போணியாகாதுங்க.”

“ஏன், கார்டும் காசுதானே?”

“அது அப்புறமா வர்ற காசுங்க. கடன். காலையில மொத யாவாரமே கடனுன்னா அந்த நாளே கடனாப் போயிருமுங்க.”

“உங்களுக்கு பேங்க் ரெண்டு நாள்ல குடுத்துடும் சார். கடன் வாங்கறது நான்!”

“அதும் பாவந்தானுங்களே.”

அந்தப் பெண் சிரித்துவிட்டார். கைப்பையைக் கிளறிப் பார்த்தார். பணமாக எதுவும் இல்லை. ஏடிஎம் போய்விட்டு வருகிறேன் என்று கூடையைக் கல்லாமேல் வைத்துவிட்டுப் போனார். திரும்பி வரவில்லை. பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்திருந்த எங்கள் பதின்மூன்று வயது மகள் கூரையைப் பார்த்து, “அன்பிலீவபிள்” என்றாள்.

கூடையில் இருந்தவற்றை நான் அலமாரிகளில் திருப்பி வைத்தேன். கறிவேப்பிலைக் கட்டை மட்டும் வைக்கவில்லை. வீட்டில் தீர்ந்துபோயிருந்தது. என் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

என் கணவர் ஈரோட்டுப் பக்கம் மஞ்சள் வியாபாரக் குடும்பத்தில் பிறந்தவர். படித்தது கெமிக்கல் இன்ஜினியரிங். ஹூஸ்டனுக்கு வந்து ஒரு ரசாயன ஆலையில் பல வருடங்கள் ஒப்பந்த வேலை பார்த்தார். அந்த ஒப்பந்தம் முடிந்ததும், இனிமேல் சொந்தத் தொழில்தான் என்று இந்தக் கடையை எடுத்தார். அமெரிக்கா அவருடைய எத்தனையோ பழக்கங்களை மாற்றியிருந்தது. போணியை மட்டும் தொட முடியவில்லை. நாளின் முதல் விற்பனை ரொக்கமாக இருக்க வேண்டும். தள்ளுபடி கூடாது, கடன் கூடாது, வந்தவரை வெறுங்கையோடு அனுப்பவும் கூடாது. கடைசி விதியை அந்த நர்ஸ் விஷயத்தில் அவரே மீறியது அன்று முழுவதும் அவருக்கு உறுத்திக்கொண்டிருந்தது.

ஆனால் எங்களுக்கு அதைவிடப் பெரிய கவலை இருந்தது. சனி ஞாயிறுகளில் கடையில் நிற்க இடம் இருக்காது. பார்க்கிங் லாட்டில் டாலஸ் பக்கத்திலிருந்து வந்த வண்டிகளைக்கூடப் பார்க்கலாம். இருந்தும் மாதக் கடைசியில் கடைக் கணக்கில் வாடகைக்குப் பணம் போதாது. ஒவ்வொரு மாதமும் ஆஸ்பத்திரி லேபில் நான் வாங்கும் சம்பளத்திலிருந்து மீதியைப் போட்டுக் கட்டுவோம். ஜனவரி கடைசியோடு கடையின் லீஸ் முடிகிறது. அதற்குள் கடை தன் வாடகையைத் தானே கட்டவில்லை என்றால் மூடிவிடுவது என்று முடிவு செய்திருந்தோம். கார்பஸ் கிறிஸ்டியில் ஓர் ஆலையில் அவருக்கு வேலை காத்திருந்தது. காரில் போனால் மூன்றரை மணி நேரம். அவர் அங்கே, நானும் மகளும் இங்கே என்றுதான் இருக்க வேண்டியிருக்கும். மகள் அந்த ஊரின் பெயரையே வீட்டில் யாரும் சொல்லக்கூடாது என்று தடை போட்டிருந்தாள்.

பணம் எங்கே போகிறது? யாரோ பொருள்களைத் திருடுகிறார்கள் என்று கணவருக்குச் சந்தேகம். கடையின் மூலையில் பெரிய குவிந்த கண்ணாடி ஒன்றை மாட்டினார். கல்லாவில் நின்றபடியே எல்லா வரிசைகளையும் பார்க்கலாம். ஒரு மாதம் பார்த்தார். யாரும் அகப்படவில்லை.

எங்கள் கட்டடத்தின் மாடியில் ஒரு யாழ்ப்பாணத்துக்காரர் வரிக்கணக்கு அலுவலகம் வைத்திருந்தார். எங்களைவிடப் பதினைந்து வயது மூத்தவர். எங்கள் கடையில் ஓர் எலுமிச்சம்பழம் வாங்கினால்கூட பில் கேட்டு வாங்கிச் சட்டைப் பையில் வைப்பார். அதைச் சொல்லி என் கணவர் கேலி செய்வது உண்டு. நவம்பரில் ஒரு நாள் ரசீதுகள் நிறைந்த செருப்புப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவரிடம் போனோம். அவர் பெட்டியைத் திறக்கவே இல்லை. என்னைப் பார்த்துக் கேட்டார்.

“தங்கச்சி, உங்கட வீட்டுக்குக் கடைசியா எப்ப அரிசி வாங்கினீங்கள்?”

“அரிசியா? அது கடையிலேர்ந்தே வந்துருங்கண்ணா.”

“பருப்பு? எண்ணெய்? தேங்காய்?”

“எல்லாமே...”

“போன கிழமை கோயில்ல அன்னதானம் எண்டு சொன்னவை. அரிசி ஆர் குடுத்தது?”

“நாங்கதானுங்க” என்றார் கணவர், கொஞ்சம் பெருமையாக.

அவர் பெட்டியை எங்கள் பக்கமாக நகர்த்தினார். “தம்பி, கடை நட்டத்தில ஓடேல்லை. கடையை நீங்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறீங்கள்.”

கணவருக்கு ரோஷம் வந்துவிட்டது. “ஊட்டுக்கு எடுக்கறதெல்லாம் ஒரு கணக்குங்களா? என்ற சம்சாரம் சம்பளத்துல வாடகை கட்டுனாலும் அதே காசு. அவ சம்பளத்துல அரிசி வாங்குனாலும் அதே காசு. இந்தப் பையில இருந்து அந்தப் பைக்குப் போகுது. என்னங்க வித்தியாசம்?”

“வித்தியாசம் ஒண்டுதான். இப்ப கடையை மூடுறதோ வேண்டாமோ எண்டு உங்களுக்குத் தெரியாது. அரிசிக்குக் காசு போட்டா தெரியும்.” பிறகு விரலை நீட்டிச் சொன்னார்: “வீட்டுக்குப் போற ஒவ்வொரு சாமானுக்கும் கல்லாவில காசு போடுங்கோ. உங்களுக்கு எண்டு ஒரு சம்பளம் வையுங்கோ. சின்னதா வையுங்கோ. மாசத்தில ஒருக்கா எடுங்கோ. மிச்ச நாள் கல்லாவில கை வைக்காதேங்கோ.”

மறுநாள் மாலை கடைக்குள் நின்றபடி அந்தக் குவிந்த கண்ணாடியை நிமிர்ந்து பார்த்தேன். நீல நிற ஆஸ்பத்திரி உடையில் ஒரு பெண் புளிப் பொட்டலத்தை எடுத்துத் தன் தோள்பையில் போட்டுக்கொண்டிருந்தாள். எனக்கு அடக்க முடியாத சிரிப்பு வந்தது. இத்தனை நாளாகத் தேடிய ஆள் அகப்பட்டுவிட்டாள்: நானேதான்.

புளியோடு கல்லாவுக்குப் போய்ப் பத்து டாலர் நோட்டை வைத்தேன். கணவர் அதை அப்படியே என் பக்கம் தள்ளினார்.

“ஏம் புள்ள, வெளையாடறயா? கட்டுன பொண்டாட்டிகிட்ட கைநீட்டிக் காசு வாங்குனான்னு ஊருல காறித் துப்புவாங்க.”

“ஊரு ஈரோட்டுல இருக்குதுங்க. இங்க யாருங்க துப்பப் போறாங்க?”

“எனக்கே துப்பிக்கோணும்னு தோணுது. எடுத்துக்கிட்டுப் போ.”

ஒரு வாரம் இப்படியே போனது. நான் வைப்பேன், அவர் தள்ளுவார். வீட்டுக்கு வந்து பார்த்தால் சில சமயம் அந்த நோட்டு என் பைக்குள்ளேயே இருக்கும். எப்படி நுழைந்தது என்று தெரியாது. மகள் மட்டும் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்து, “யூ கைஸ் ஆர் வியர்ட்” என்றாள்.

அந்த வாரக் கடைசியில், வேலைக்குப் போகும் வழியில் சிக்னலில் நின்றபோது எனக்கு அந்த நர்ஸ் நினைவுக்கு வந்தார். கணவரால் தள்ள முடியாத பணம் ஒன்று உண்டு. அது எது என்று எனக்குத் தெரியும்.

திங்கட்கிழமை எனக்கு மதிய ஷிப்ட். காலை ஒன்பதரைக்கு அவர் கடையைத் திறந்து, சாமி படத்துக்கு ஊதுபத்தி ஏற்றிவிட்டுத் திரும்பியபோது கல்லாவுக்கு முன்னால் நான் நின்றேன். கூடையில் அரிசி, பருப்பு, தேங்காய், கறிவேப்பிலை. கையில் ரொக்கம்.

“ஏனுங்க, போணிக்கு வந்திருக்கறனுங்க.”

அவர் நோட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். வாசலைப் பார்த்தார். வேறு யாரும் வருவதாகத் தெரியவில்லை.

“போணிக்கு வந்தவங்களை வெறுங்கையோட அனுப்புவீங்களா?” என்று கேட்டேன்.

“நீ பெரிய கேடி புள்ள” என்றார்.

“தள்ளுபடியும் ஆகாதுங்க. போணி பாருங்க.”

விதிகள் எல்லாம் அவருடையவை. நோட்டை வாங்கினார். பழக்கத்தில் கண்ணில் ஒற்றிக்கொண்டார். கல்லாவைத் திறந்து உள்ளே வைத்து, மீதிச் சில்லறையை எண்ணிக் கொடுத்தார். கல்யாணமாகிப் பதினாறு வருடங்களில் அவர் முகத்தில் அவ்வளவு வெட்கத்தை அன்றுதான் பார்த்தேன்.

அதன்பிறகு தினமும் நான்தான் போணி. எனக்குக் காலை ஷிப்ட் என்றால் கடையைச் சீக்கிரமே திறந்து போணி செய்துவிட்டுப் பூட்டிவிட்டுப் போவோம். இதில் நாங்கள் எதிர்பார்க்காத சில காரியங்கள் நடந்தன. காசு கொடுத்து வாங்க ஆரம்பித்ததும் நான் பார்த்துப் பார்த்து வாங்கினேன். முற்றிய வெண்டைக்காயைத் தொடவில்லை. “நம்ம கடை வெண்டைக்காய நீயே எடுக்கலீன்னா வேற எவ எடுப்பா?” என்று கேட்டவர், கொஞ்ச நேரம் யோசித்து, அடுத்த வாரத்திலிருந்து வெண்டைக்காயைப் பாதியாகக் குறைத்து வரவழைத்தார். அதுவரை வாடிப்போவதை எல்லாம் வீட்டுக்கு எடுத்துப்போய்ப் பொரியல் செய்துகொண்டிருந்ததால், வீணாவதே எங்கள் கண்ணில் பட்டதில்லை.

மகளுக்குத்தான் கொண்டாட்டம். சனிக்கிழமைகளில் கல்லா அவளுடையது. தனக்குத் தமிழே புரியாதது போல, “பேப்பர் ஆர் பிளாஸ்டிக், மேம்?” என்று பைகளைக் காட்டி என்னிடம் கேட்பாள். ஒரு நாள் அவள் அப்பா அலமாரியிலிருந்து ஒரு முறுக்குப் பாக்கெட்டை எடுத்துப் பிரித்தபடியே நடந்தார். அவள் குவிந்த கண்ணாடியை நிமிர்ந்து பார்த்தாள்.

“அப்பா. தட்ஸ் எ டாலர் ட்வென்ட்டி நைன்.”

“கண்ணு, அப்பனோட கடை இது.”

“தென் ஓனர்கிட்ட சொல்லி டிஸ்கவுன்ட் வாங்கிக்கோங்க.”

வரிசையில் நின்றவர்கள் கைதட்டினார்கள். அவர் காசைக் கொடுத்தார். ஆனால் ஒரு பழக்கத்தை மட்டும் விடமாட்டேன் என்றார். ஊரிலிருந்து புதிதாக வந்திறங்கும் குடும்பங்களுக்கு முதல் அரிசி மூட்டை எங்கள் கடையிலிருந்து இலவசமாகப் போகும். அதை நிறுத்தச் சொல்ல எனக்கும் மனமில்லை. மாடிக்காரரிடம் கேட்டோம். “தாராளமாக் குடுங்கோ. கடை குடுக்கக்கூடாது. நீங்கள் குடுங்கோ” என்றார். அன்றிலிருந்து அந்த மூட்டைக்கான காசைக் கணவர் தன் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கல்லாவில் போட்டுவிட்டுத்தான் கொடுத்தார். அப்படிக் கொடுத்த நாள்களில் அவர் இன்னும் நிமிர்ந்து நடந்ததாக எனக்குத் தோன்றியது.

பொங்கலுக்குக் கரும்பும் மஞ்சள் கொத்தும் வந்திறங்கின. விற்றும் தீர்ந்தன. ஆனாலும் ஜனவரி கடைசி வாரம் மாடிப்படி ஏறும்போது நான் படிகளை ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டே போனேன். கார்பஸ் கிறிஸ்டிக்காரர்கள் மறுநாளுக்குள் பதில் கேட்டிருந்தார்கள். மகள் எங்களோடு வரமாட்டேன் என்று கீழேயே நின்றுகொண்டாள்.

மாடிக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திரும்பப் போட்டுக்கொண்டார். எங்களுக்கு அதுவே ஒரு வருடம் போல இருந்தது.

“டிசம்பர் வாடகை கடை குடுத்திருக்கு. ஜனவரி வாடகையும் கடைதான் குடுத்திருக்கு. தங்கச்சியின்ர சம்பளத்தில ஒரு சதமும் எடுக்கேல்லை. தம்பிக்குச் சம்பளமும் குடுத்து, மேல கொஞ்சம் மிச்சமும் இருக்கு.”

“எவ்வளவுங்க மிச்சம்?” என்றார் கணவர்.

“பெரிசா ஒண்டுமில்லை. ஆனா அது உங்கட கடையின்ர காசு. வேற ஆரின்ரையும் இல்லை.”

கணவர் எழுந்து ஜன்னலைத் திறந்தார். கீழே பார்க்கிங் லாட்டில் நின்ற மகளைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். அவள் இரண்டு கைகளையும் தூக்கிக் குதித்தாள். காய்கறி இறக்கிக்கொண்டிருந்த லாரிக்காரர், என்ன ஏது என்று தெரியாமலேயே ஹார்ன் அடித்தார். கார்பஸ் கிறிஸ்டிக்கு அந்த அலுவலகத்திலிருந்தே போன் செய்து, வரவில்லை என்று சொல்லிவிட்டார். பேசி முடித்ததும் மாடிக்காரரிடம் போன் காலுக்கு எவ்வளவு என்று கேட்டார். “இப்பதான் தம்பி பிசினஸ்காரன்” என்று அவர் உரக்கச் சிரித்தார்.

பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை. என் கூடையை எடுத்துக்கொண்டு கல்லாவை விட்டு நகர்ந்தபோது கதவு திறந்தது. அதே நர்ஸ். கையில் இந்த முறை தயாராக இருபது டாலர் நோட்டு.

“காசு கொண்டாந்திருக்கேன் சார். இன்னிக்கு விடமாட்டேன்.”

“வேண்டாமுங்க, கார்டே குடுங்க! போணி ஆயிருச்சு” என்றார் கணவர்.

“இவ்ளோ காலைலயா? யாரு சார்?”

“அதா, கறிவேப்பிலை வாங்கிட்டுப் போறாங்களே, அந்தம்மா. ரொம்ப ராசியான கைங்க.”

அந்தப் பெண் திரும்பி என்னைப் பார்த்து அடையாளம் கண்டுகொண்டார். “ஐயையோ, உங்க வொய்ஃப்தானே? அவங்ககிட்டயே காசு வாங்கறீங்களா?”

“பின்ன, சும்மாவா குடுப்பாங்க?” என்றார் என் கணவர். “யாவாரமுங்க.”

இது நடந்து நான்கரை வருடங்கள் ஆகின்றன. சொந்தத் தொழில் தொடங்கப் போகிறேன் என்று யாராவது என்னிடம் சொன்னால், மாடிக்காரர் என்னிடம் கேட்ட அந்த அரிசிக் கேள்வியைத்தான் நானும் முதலில் கேட்கிறேன். சொந்தக் கடையில் காசு கொடுத்து வாங்கிய அந்தத் திங்கட்கிழமைதான் அது எங்கள் கடை என்ற நம்பிக்கை எனக்கு வந்தது.

கடை இப்போதும் ஒன்பதரைக்குத் திறக்கிறது. இன்றைய முதல் பில்: தேங்காய் இரண்டு, கறிவேப்பிலை ஒரு கட்டு. ரொக்கம்.