சாப்பாட்டுக்கு நின்ற மோட்டார்

என் மேசை மேல் ஒரு பழைய மொபைல் ஸ்டார்ட்டர் பெட்டி இருக்கிறது. சாம்பல் நிறம், தலையில் கட்டைவிரல் நீளத்துக்கு ஒரு ஆன்டெனா, உள்ளே ஒரு சிம் கார்டு. தோட்டத்து மோட்டார் அறையில் இதை மாட்டிவிட்டு, வீட்டிலிருந்து அந்தச் சிம்முக்கு ஒரு மிஸ்டு கால் கொடுத்தால் மோட்டார் ஓடும். இன்னொன்று கொடுத்தால் நிற்கும். கப்பலூரில் நான் வேலை பார்க்கும் பட்டறையில் இப்படி எத்தனையோ பெட்டிகள் செய்து அனுப்பியிருக்கிறோம். இப்போது இது காகிதம் பறக்காமல் இருக்க மட்டுமே உதவுகிறது. ஆனாலும் பழைய இரும்புக்குப் போட மனசு வரவில்லை. ஒரு புருஷன் பெண்டாட்டிக்கு நடுவே வருஷக்கணக்கில் தூது போன பெட்டி இது.

திருமங்கலம் தாண்டி உள்ளே இருக்கிறது என் அத்தை வீடு. அத்தை, அப்பாவுக்கு அக்கா. மகள் கல்யாணத்தன்று பந்தியில், சம்பந்தி வீட்டார் முன்னால், "சாம்பார்ல உப்பே இல்லையே, யாரு பார்த்தது?" என்று மாமா கேட்டுவிட்டார். பார்த்தது அத்தை. அன்றோடு மாமாவிடம் பேச்சை நிறுத்திவிட்டாள். சோறு போடுவாள், வேட்டி துவைப்பாள், காய்ச்சல் என்றால் கஷாயம் வைப்பாள். வாயை மட்டும் திறக்க மாட்டாள். மாமாவும் லேசுப்பட்ட ஆள் இல்லை. "அவளா பேசட்டும் மாப்ள, நானா போயி நிக்க மாட்டேன்" என்று என்னிடம் வீறாப்பாகச் சொல்வார். சொல்லிவிட்டு அடுப்படிப் பக்கம் ஒரு பார்வை பார்ப்பார். எனக்குச் சிரிப்பும் வரும், பாவமாகவும் இருக்கும். மகள் புருஷன் வீட்டுக்குப் போனபின் அந்த வீட்டில் டிவி மட்டும்தான் பேசிக்கொண்டிருந்தது.

மாமாவுக்கு மல்லிகைத் தோட்டம். போன் ஒன்று கிணற்றில் விழுந்தபின் இன்னொன்று வாங்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். அதனால் இருந்த ஒரே போன் அத்தை கையில். கரண்ட் வந்ததும் அவள் வீட்டிலிருந்தே மோட்டாரைப் போடட்டும் என்றுதான் நான் பெட்டியை மாட்டிக் கொடுத்தேன். ஒருநாள் மத்தியானம் ஓடிக்கொண்டிருந்த மோட்டார் பட்டென்று நின்றது. கரண்ட் இருக்கிறது, ஃபியூஸும் போகவில்லை. முணுமுணுத்துக்கொண்டே மாமா வீட்டுக்கு வந்தால், தட்டில் சோறு போட்டிருக்கிறது, பக்கத்தில் சொம்பில் தண்ணீர். மறுநாளும் அதே கூத்து. அதற்கப்புறம் மத்தியானம் மோட்டார் நின்றால் அவர் காரணம் தேடுவதில்லை. கைகாலைக் கழுவிக்கொண்டு கிளம்பிவிடுவார். வேலை மிச்சமிருந்தால் பச்சைப் பட்டனை அழுத்தி மறுபடி ஓட விடுவார். ஆள் வரக்காணோமே என்று அத்தை மறுபடி நிறுத்துவாள். வாய்க்காலில் தண்ணீர் விட்டு விட்டு வருவதைப் பார்த்துப் பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள், "இன்னைக்கு வீட்டுல கோவம் போலண்ணே" என்று கேலி செய்வார்கள்.

அப்படி இருக்கும்போதுதான், அந்த சிம் கம்பெனி எங்கள் பக்கம், இந்தப் பெட்டிகள் வேலை செய்கிற பழைய 2ஜி நெட்வொர்க்கை மூடிவிட்டு 4ஜியை மட்டும் வைத்துக்கொண்டது. முன்கூட்டியே மெசேஜ் அனுப்பாமல் இல்லை. ஆனால் அத்தனையும் பெட்டிக்குள் இருந்த சிம்முக்குப் போயிருந்தன. மோட்டார் என்றைக்கு மெசேஜ் படித்தது! அன்று காலையிலேயே பட்டறை வாசலில் பெட்டியும் கையுமாக ஆட்கள் நின்றார்கள். "பெத்த பிள்ளை கூட இம்புட்டு சொல்பேச்சு கேக்காதுண்ணே. இப்ப கூப்பிட்டா திரும்பிப் பாக்க மாட்டேங்குது" என்று ஒருவர் குறைபட்டுக்கொண்டார். எனக்கோ அத்தை வீட்டு நினைப்பு. பூச்செடிக்குக் கையால் பட்டனை அழுத்தித் தண்ணீர் பாய்ச்சிக்கொள்ளலாம். அந்த இரண்டு பேருக்கும் இருந்த ஒரே தொடர்பும் அறுந்துபோனதே என்று மனசு அடித்துக்கொண்டது. முதலாளியிடம் சொல்லிவிட்டு பைக்கை எடுத்தேன்.

மாமா தோட்டத்தில் இருந்தார். பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, இனி இது வேலைக்கு ஆகாது, புதுசு மாட்ட வேண்டும் என்று சொன்னேன். அவர் தண்ணீரைப் பற்றிக் கேட்கவே இல்லை. "அப்ப சாப்பாட்டுக்கு?" என்றார். முகம் தொங்கிப்போயிருந்தது. பிறகு தானே பட்டனை அழுத்தி மோட்டாரை ஓட்டிவிட்டு, மண்வெட்டியோடு செடிகளுக்குள் போனார். மத்தியானம் தாண்டியும் மோட்டார் ஓடிக்கொண்டே இருந்தது. அவர் குனிந்து வேலை பார்ப்பதும் நிமிர்ந்து மோட்டார் அறையைப் பார்ப்பதுமாக இருந்தார்.

வரப்பில் அத்தை வந்தாள். கையில் போன், கூப்பிட்டுக் கூப்பிட்டு அலுத்திருப்பாள். என்னைக் கண்டதும் தெம்பு வந்துவிட்டது. "ஏய்யா, உங்க மாமாவைச் சாப்பிட வரச் சொல்லு" என்றாள். நான் காதைத் தொட்டுக் காட்டி, "மோட்டார் சத்தத்துல ஒண்ணும் கேக்கல அத்தே" என்றேன். முறைத்தாள். அப்புறம் மாமா பக்கம் திரும்பி, "ஏங்க" என்றாள். அவருக்கு எட்டவில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, நாலு தோட்டத்துக்குக் கேட்கிற மாதிரி கத்தினாள்: "ஏங்க! சோறு ஆறுது, சாப்பிட வாங்க!"

மாமா மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடி வந்தார். மோட்டார் அறை வாசலில் நின்ற என்னைத் தள்ளிவிட்டு உள்ளே நுழைந்து சிவப்புப் பட்டனை அழுத்தினார். மோட்டார் நின்றது. "என்ன சொன்ன? கேக்கல. இன்னொருக்கா சொல்லு" என்றார். நன்றாகக் கேட்டிருந்தது, கண் கலங்கியிருந்ததே.

"ம்... சாம்பார்ல உப்பு இருக்குனு சொன்னேன்" என்றாள் அத்தை.

பிறகு புதுப் பெட்டி மாட்டிக் கொடுத்துவிட்டு, பழையதைக் கேட்டு வாங்கி வந்து மேசையில் வைத்துக்கொண்டேன். கரண்ட் வந்தால் அத்தை இப்போதும் மிஸ்டு கால்தான் கொடுக்கிறாள். சாப்பாட்டுக்கு மட்டும் நேரில் போகிறாள். அவள் தலை வரப்பில் தெரிந்ததுமே மாமா போய் மோட்டாரை நிறுத்திவிடுகிறாராம்.