செல்வி என் முதுகில் ஏறிய கதை

போன திங்கட்கிழமை காலை பதினோரு மணிக்கு என் முதுகின்மேல் ஒரு பெண் ஏறி நின்றாள். நான் சம்மதித்துத்தான்.

பதறாதீர்கள். அதற்குப் பெயர் தாய் மசாஜ். தாய் என்றால் அம்மா இல்லை, தாய்லாந்து. அருவங்காட்டில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் இன்னும் அதைப் பிள்ளை பெற்றவர்களுக்குச் செய்வது என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறார். திருத்திப் பார்த்து அலுத்துவிட்டேன்.

ஏறியவள் பெயர் செல்வி. எங்கள் மாடி ரூமில் குடியிருக்கிறாள். ஊர் நெல்லியாளம். அம்மா எஸ்டேட்டில் இலை பறிக்கிறார். இவள் குன்னூர் பக்கம் ஒரு ரிசார்ட்டில் வேலைக்குச் சேர்ந்தாள். அங்கே வந்திருந்த தாய்லாந்துப் பெண்மணி ஒருவரிடம் ஆறு மாதம் இந்த மசாஜைக் கற்றுக்கொண்டாள். கெட்டிக்காரி. எல்லாம் அத்துப்படி... ஒன்றைத் தவிர.

தாய் மசாஜில் எண்ணெய் கிடையாது. தொளதொள உடுப்போடு தரை மெத்தையில் படுக்க வேண்டும். அவர்கள் கையால் அமுக்குவார்கள், முழங்கையால் குத்துவார்கள், காலைப் பிடித்து இழுப்பார்கள். கடைசியில் பாதத்தால் மிதிப்பார்கள். அங்கேதான் வந்தது வில்லங்கம். நம் ஊரில் தெரியாமல் ஒருவர்மேல் கால் பட்டுவிட்டால் என்ன செய்வோம்? சட்டென்று அவரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வோம் இல்லையா? செல்வியும் அதைத்தான் செய்தாள் – ஒவ்வொரு மிதிக்கும்.

மிதி. தொடு. கண்ணில் ஒற்று. மறுபடி மிதி.

ஒரு வெளிநாட்டுத் தம்பதி ஊருக்குத் திரும்பியதும் இன்டர்நெட்டில் ரிவ்யூ எழுதிவிட்டார்கள். ‘மசாஜ் பிரமாதம். ஆனால் அந்தப் பெண் முழு நேரமும் கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். அவளை அங்கே என்ன பாடு படுத்துகிறார்களோ!’

ரிசார்ட் மேனேஜர் ஆடிப்போய்விட்டார். திங்கட்கிழமை ஒரு டெஸ்ட் என்றார். அவரே பக்கத்தில் நின்று பார்ப்பார். ஒரே ஒரு தடவை கை கண்ணுக்குப் போனாலும் செல்வி ஊருக்குக் கிளம்ப வேண்டியதுதான். மிதிபட ஓர் ஆளையும் அவளே கூட்டிவர வேண்டுமாம்.

ஞாயிற்றுக்கிழமை கதவோரம் வந்து நின்றாள்.

“ஏனுங்கக்கா, நாளைக்கு உங்க முதுகு சும்மா இருக்குங்களா?”

இதற்கு என்ன பதில் சொல்வது? கேஸ் சிலிண்டரை நகர்த்தியதில் இருந்து என் முதுகு ஒரு வாரமாக மக்கர். சரி என்றேன். ஆனால், ஒரு நாள் அந்தக் கையை அடக்கி வைக்க முடியாதா என்று கேட்டேன்.

“வேணும்னு செய்யலீங்கக்கா. கை அதுவாப் போயிருதுங்க. வேலை போனா மறுபடி எஸ்டேட்தான். கண்ணைத் தொட்டதுக்கு அனுப்பிச்சுட்டாங்கன்னு எங்கம்மாகிட்ட எப்படிங்கக்கா சொல்றது?”

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். நான் பாயை எடுக்கப் போனேன்.

ஹாலில் பாயை விரித்து ரிகர்சல் தொடங்கினோம். என்மேல் இருக்கும் மரியாதைதானே தடை? “என்னை நல்லாத் திட்டு. மரியாதை போயிடும்” என்றேன். வெகுநேரம் யோசித்தாள். “நீங்க... சாம்பார்ல உப்பு கொஞ்சம் கம்மியாப் போடறீங்கக்கா” என்றாள். அப்படிச் சொன்னதற்கும் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

பாயில் கிடந்தபடியே யோசித்தேன். கூடலூரைத் தாண்டினால் கேரளம். அங்கே மேலே கட்டிய கயிற்றைப் பிடித்துக்கொண்டு காலாலேயே எண்ணெய் தேய்க்கிறார்கள். யாரும் கண்ணில் ஒற்றிக்கொண்டதாகக் கேள்விப்படவில்லை. அவ்வளவு தூரம் எதற்கு? வேலை முடிந்து வரும் அப்பாக்கள் குப்புறப் படுத்துக்கொண்டு, “வா ராசா, முதுகுல ஏறி மிதி” என்று பிள்ளையைக் கூப்பிடுவதில்லையா? எட்டு வயதில் மிதித்தால் வைத்தியம். பதினெட்டில் அதே கால் பட்டால் பாவம். நடுவில் எந்த வயதில் இது மாறுகிறது? எந்தப் பள்ளிக்கூடத்திலும் சொல்லித் தருவதில்லை.

அப்போதுதான் அந்த யோசனை வந்தது. தாய் மசாஜைத் தொடங்கும் முன் கைகூப்பி ஒரு வணக்கம் உண்டு. “எத்தனை மிதி மிதிக்கப் போறியோ, அத்தனைக்கும் அப்பவே மொத்தமா மன்னிப்புக் கேட்டுக்கோ. அட்வான்ஸ்” என்றேன்.

செல்வி முகம் மலர்ந்தது. “அப்படிச் செய்யலாங்களாக்கா?”

செய்யலாம் என்று அடித்துச் சொன்னேன். எந்த அதிகாரத்தில் என்று கேட்காதீர்கள்.

திங்கட்கிழமை, ரிசார்ட்டின் மசாஜ் அறை. மேனேஜர் ஒரு ஃபைலோடு வந்து நின்றார். செல்வி கண்ணை மூடிக் கைகூப்பினாள். ஒரு நிமிடம்... இரண்டு நிமிடம்... மூன்று. அவ்வளவு மிதி பாக்கி இருந்தது. “ஓப்பனிங் வணக்கம், வெரி குட்” என்று முணுமுணுத்தபடி மேனேஜர் டிக் அடித்தார்.

பிறகு முதுகில் ஏறினாள். கை அசையவில்லை. ஒரு வாரமாகப் பிடித்திருந்த இடம் படக்கென்று விட்டது. சொர்க்கம்! இன்னும் ஐந்தே நிமிடம்தான்.

இடது காலை முடித்துவிட்டு, என்னைத் தாண்டி அந்தப் பக்கம் போனாள். நின்றாள். திரும்பவும் தாண்டி இந்தப் பக்கமே வந்தாள்.

“எதுக்கும்மா திரும்பி வந்தே?” என்றார் மேனேஜர்.

“தாண்டிட்டேனுங்க சார். திருப்பித் தாண்டலைன்னா அக்கா வளர மாட்டாங்க.”

“அவங்களுக்கு அம்பத்தெட்டு வயசும்மா.”

“தெரியுங்க சார்.”

மிதிப்பதற்கு அட்வான்ஸ் கொடுத்தோம். தாண்டுவதை மறந்துவிட்டோமே! பதற்றத்தில் அவள் கால் தடுமாறி என் கையை மிதித்தது. தொட்டாள். கை நேராகக் கண்ணுக்குப் போனது.

மேனேஜர் பேனாவைத் திறந்தார். செல்வி சுவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். எழுந்து ஏதாவது சொல்லலாம் என்று நான் புரண்டதில், என் முழங்கை பக்கத்தில் நின்றவர் காலில் இடித்தது. ஃபைலில் இருந்த காகிதம் எல்லாம் தரையில் சரிந்தது. பிடிக்கப் போனவர் ஒரு தாளை மிதித்துவிட்டார்.

அடுத்த நொடி என்ன நடந்தது தெரியுமா? குனிந்தார். தாளைத் தொட்டார். இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டார்.

ஒற்றிய கை ஒற்றியபடியே நின்றது. செல்வி என்னைப் பார்த்தாள். நான் மெத்தையில் முகத்தைப் புதைத்துக்கொண்டேன்.

செல்வி வேலையில் நிரந்தரமாகிவிட்டாள். அந்த டெஸ்ட் ரிப்போர்ட்டைச் சாயங்காலம் கொண்டுவந்து காட்டினாள். கடைசி வரியில் மேனேஜர் எழுதியிருந்தார்:

‘அறையில் தூசி அதிகம். எல்லோர் கண்ணிலும் விழுகிறது.’